அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஜெபம்

ராஜஸ்தான் எல்லை
(இடம் எழுதக் கூடாது)
18.6.2002

சலோமிக்கு,

நான் நல்லா இருக்கேன். காவியா ஒன்பதாவது புஸ்தகம் எல்லாம் வாங்கிட்டாளான்னு எழுது. நேரா விஷயத்துக்கு வரேன்.

நேத்து சாயங்காலம் மாயவன் டெலிபோன் கியூவுல ஒன்றரை மணி நேரம் நின்னு திட்டக்குடிக்குப் பேசிட்டு வந்தான். வந்தவன் டென்ட்டுக்குள்ள பதினோரு பேர் இருக்கும்போதே கேக்கறான்: "என்னா சாப், அண்ணி சர்ச்சுல மைக்கு புடிச்சு பாகிஸ்தானுக்காக ஜெபம் பண்ணாங்களாமே? விருத்தாசலம் பூரா அதே பேச்சாம். எங்க ஊட்டுக்காரி காதுக்கே வந்துடுச்சு." ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன், "அப்ப நாம புதைக்கிறது ஒண்ணுகூட வெடிக்காது, சாப்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

டிசம்பர்லேர்ந்து நான் கண்ணிவெடி புதைச்சுக்கிட்டு இருக்கேன். மண்ணு அடுப்பு மாதிரி கொதிக்குது. எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்? அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு. நீ அவனுக்காக முழங்கால் போடறியா?

இது பொய்யா இருந்தா பொய்னு ஒரு வரி எழுது. போதும்.

மாசிலாமணி

*

விருத்தாசலம்
27.6.2002

அன்புள்ள காவியா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. ‘அன்புள்ள’ இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. சந்தேகமாக இருந்ததால் பெட்டியைத் திறந்து பழையவற்றைப் பார்த்தேன். எண்பத்து நாலில், உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தபோது எழுதியதில்கூட அது இருக்கிறது.

பொய் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் இரண்டாம் தேதி ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் என்னுடைய முறை. அதற்கு முந்தின வாரம் சபை ஆண்டு விழா. அதற்காக வாசல் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கல்யாண சீசன், சவுண்டு சர்வீஸ்காரர் அவிழ்க்க வரவில்லை. உள்ளே பேசுவது வெளியேயும் போகிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. போதகர் ஐயாவின் பிரசங்கம் முழுவதும் செராமிக் கம்பெனிகள் வரைக்கும் கேட்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் கவனித்துக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் ஜெபத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் சொன்னது இது. மறக்காமல் இருக்க அன்றே எழுதி வைத்தேன்: "ஆண்டவரே, எங்கள் எல்லையில் நிற்கிற பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். அவர்கள் கைக்கும் காலுக்கும் சேதம் வராமல் பாரும். அந்தப் பக்கத்திலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுக்காகவும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அவனைத் திருப்பிக் கொடும்."

இவ்வளவுதான். பாகிஸ்தான் என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஆனால் வந்திருந்தாலும் அர்த்தம் அதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், அதுதான்.

பெரிய பக்தியில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்காக மட்டும் ஜெபித்துவிட்டு உட்காரத்தான் எழுந்தேன். "காத்துக்கொள்ளும்" என்று சொன்னதும் உங்களைச் சுடப் போகிறவன் யார் என்று தோன்றிவிட்டது. அவனுக்குப் பயம் இருக்கும். பயந்தவன்தான் முதலில் சுடுவான். அவன் வீட்டுக்குப் போய்விட்டால் நீங்களும் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் ஜெபம் சுயநலம்தான். ஆனாலும் வாய் திறந்த பிறகு அந்தப் பெண் உண்மையாகவே என் முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தை மறைத்துக்கொண்டு உங்களுக்காக மட்டும் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பள்ளிக்கூடத்து விஷயம். தாளாளர் சக்கரபாணி சார் என்னைக் கூப்பிட்டார். நான்கு பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம், "எங்கள் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித்தர வேறு டீச்சர் வேண்டும்" என்று. பதினேழு வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தியா வரைபடம் வரையச் சொல்லிக் கொடுத்தவள் நான். காஷ்மீரின் தலையைச் சின்னதாக வரைந்தால் இரண்டு மார்க் வெட்டுகிறவள் என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. அதே வரைபடத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் ராஜஸ்தான் ஓரம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன்.

சார் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றும்போது அதை எல்லார் முன்பும் படிப்பார்களாம். போடாவிட்டால் அதற்குப் பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என் நிலைமையைப் பாருங்க டீச்சர்" என்றுதான் சொன்னார்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள்.

சலோமி

*

8.7.2002

சலோமிக்கு,

கேட்டதனால சொல்றேன். கையெழுத்துப் போடு.

நீ ஜெபம் பண்ணது தப்புன்னு சொல்லல. வேதத்துல இருக்குதுன்னு எனக்கும் தெரியும். ஆனா வேதம் எழுதினவங்க யாரும் விருத்தாசலத்துல குடியிருந்து மெட்ரிக் ஸ்கூலுல வேலை பாக்கல.

ஒண்ணு தெரிஞ்சுக்க. நம்ம கிறிஸ்தவ ஜனங்க ரெண்டு தடவை சல்யூட் அடிச்சாத்தான் ஒரு தடவை அடிச்சதா எடுத்துக்குவாங்க. இருபத்தாறு வருஷமா நான் அப்படித்தான் அடிக்கிறேன். ட்ரெய்னிங்ல ஒரு ஹவில்தார் ரெஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா கிறிஸ்டியன்னு இருக்கறத பாத்துட்டு, "நீ எந்த ஊரு? வாடிகனா?"ன்னான். விருத்தாசலம்னேன். அன்னையிலேர்ந்து ஓட்டத்துல முதல் ஆளா வருவேன், குழி தோண்டறதுல முதல் ஆளா வருவேன். எதுக்கு? ஒரு பயலும் என்னப் பாத்து இன்னொரு தடவை அப்படிக் கேக்கக் கூடாதுன்னு. இப்ப என் டென்ட்டுலயே கேக்கறாங்க. வாயில கேக்கல, கண்ணுல கேக்கறாங்க. மாயவன்கூட என்கிட்ட சரியா முகம் குடுக்கறதில்ல. அவன் எனக்குத் தம்பி மாதிரி.

இருபத்தாறு வருஷத்த நீ ஒரு நிமிஷத்துல ஸ்பீக்கர் வெச்சு கலைச்சுட்ட.

கையெழுத்துப் போடு. போடலேன்னா டிசம்பர்ல லீவு கெடைச்சாலும் நான் அங்க வரல. எழும்பூர்ல இறங்கி எங்க அக்கா வூட்டுக்குப் போயிடறேன். காவியாவ அங்க அனுப்பி வை, பாத்துக்கறேன்.

மாசிலாமணி

*

விருத்தாசலம்
19.7.2002

காவியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. உடனே பதில் எழுதினால் கெட்ட வார்த்தை வரும் போல இருந்தது. அதனால் துணி துவைத்தேன், மாவு அரைத்தேன், காவியாவின் பாவாடைக்குக் கரை பிரித்துத் தைத்தேன்.

பிறகு கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றே உட்கார்ந்தேன். பேனா மூடியைக் கழற்றிவிட்டு அந்தக் காகிதத்தை மறுபடி வாசித்தேன். "என் ஜெபம் தேசத்துக்கு விரோதமானது என்பதை உணர்ந்து வருந்துகிறேன்" என்று இருக்கிறது. ஸ்பீக்கர் ஓடியதற்கு வருத்தப்படச் சொன்னால் நூறு தரம் வருத்தப்படுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்கே இரைச்சல் கொடுத்தது தப்புதான். ஆனால் ஒரு பெண்ணுக்குப் புருஷன் திரும்பி வர வேண்டும் என்று கேட்டது இந்த நாட்டுக்கு எப்படி விரோதம்? இந்த நாடு அவ்வளவு சின்னதா? நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நாடு அப்படி இல்லை.

நேற்று போதகர் ஐயாவைப் பார்க்கப் போனேன். எனக்காகப் பள்ளிக்கூடத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். டீ கொடுத்தார். "நீங்க சொன்னது சத்தியம்தாம்மா. ஆனா சத்தியம் ரோட்டுக்குக் கேக்க வேண்டாமே. இப்ப காலம் எப்படி இருக்குதுன்னு பாக்கறீங்கல்ல" என்றார். அடுத்த மூன்று மாதத்துக்குப் பொது ஜெபம் செய்கிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அவருக்கும் பயம். அவரைக் குற்றம் சொல்லவில்லை. பயப்படுகிறவர்களாலேயே நான் சூழப்பட்டிருக்கிறேன், நானும் அதில் ஒருத்தி.

காவியாவை வகுப்பில் ஒருத்தி, "இந்தியா பாகிஸ்தான் மேட்ச்சுன்னா உங்க வூட்ல யாருக்குக் கை தட்டுவீங்க?" என்று கேட்டாளாம். இவள், "எங்கப்பா எல்லையில இருக்காரு, உங்கப்பா எங்க இருக்காரு? மளிகைக் கடையிலதான?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். திட்டினேன். திட்டிவிட்டு அடுப்படியில் போய்ச் சிரித்தேன். உங்கள் வாய் அப்படியே.

இன்னொன்று. இந்த வருஷம் சுதந்திர தினப் பரிசுக்குச் சக்கரபாணி சார் இங்கே செராமிக் கம்பெனியில் முந்நூறு பீங்கான் கப் செய்யச் சொல்லியிருக்கிறார், மூவர்ணக் கொடி அச்சடித்து. அதை வகுப்பு வகுப்பாகக் கொடுக்கிற வேலை வருஷா வருஷம் என்னுடையது. இந்தத் தடவை என் கையால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் இரண்டு தடவை சல்யூட் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷம் உங்களோடு வாழ்ந்து இதை எனக்கு இப்போதுதான் சொல்கிறீர்கள். நீங்கள் முதல் ஆளாக ஓடியதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது, அதற்குள் இது இருந்தது தெரியாது. ஆனால் என்னால் அது முடியாது. நான் ஒரு தடவைதான் அடிப்பேன். அது முழுசாக இருக்கும். அதை நம்பாதவர்களுக்காக இன்னொன்று அடித்தால் முதலில் அடித்தது பொய் என்று ஆகிவிடும்.

அக்கா வீட்டுக்குப் போவதும் இங்கே வருவதும் உங்கள் இஷ்டம். காவியாவை அனுப்புகிறேன். இந்த வரியை எழுத மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

சலோமி

*

1.8.2002

அன்புள்ள சலோமிக்கு,

மாயவனுக்கு அடிபட்டுடுச்சு. பயப்படாத, உயிருக்கு ஒண்ணுமில்ல. போன சனிக்கிழமை வெடியில டெட்டனேட்டர் பொருத்தறப்ப அது கையிலயே வெடிச்சுடுச்சு. வெடி வெடிக்கல, டெட்டனேட்டர் மட்டும்தான். இடது கையில ரெண்டு விரல் போச்சு. நான் பத்தடி தள்ளி இருந்தேன். அவன் கைய என் பனியனால சுத்திக்கிட்டு ஜீப்புல ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். அவன் ஊட்டுக்காரிக்குத் தகவல் போயிருக்கும். இருந்தாலும் நீ ஒரு நடை திட்டக்குடிக்குப் போயிட்டு வா. பஸ்ஸு பிடிச்சா ஒரு மணி நேரம்.

ஜீப்புல அவன் என்கிட்ட சொன்னான்: "சாப், அண்ணிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு ஜெபம் போடச் சொல்லுங்க. ஸ்பீக்கர் வெச்சே போடச் சொல்லுங்க, பெருமாளுக்கும் கேக்கட்டும்." ரத்தம் ஊத்துது, பய ஜோக் அடிக்கிறான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு எல்லார் எதிர்லயும் கேட்டிருக்கக் கூடாது சாப்"னான். நான் பனியன இன்னும் இறுக்கிச் சுத்தினேன்.

உன் கடிதம் அதுக்கு அடுத்த நாள் வந்தது. நாலு தடவை படிச்சேன்.

எங்க வேலை எப்படின்னு உனக்கு நான் சொன்னதில்ல. ஒரு வெடி புதைச்சோம்னா அது எங்க இருக்குதுன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும். ஒரு கம்பம் நட்டு, அதுலேர்ந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை, எத்தனாவது வரிசை. படம் போட்டு கையெழுத்துப் போடணும். ஒண்ணு விடக் கூடாது. ஏன்னா புதைச்சவன்தான் ஒரு நாள் திரும்பி வந்து கையால எடுக்கணும். சண்டை நடந்தாலும் சரி, நடக்காம போனாலும் சரி. நடக்காம போனா நல்லதுன்னு எங்கள்ல நினைக்காதவன் எவன்? புதைக்கிற அன்னைக்கே எடுக்கிற நாளுக்குக் கணக்கு எழுதறோம் சலோமி. அத எழுதறது தேசத்துரோகம்னு எங்களுக்கு எந்த ஆபீசரும் சொன்னதில்ல.

நீ சொன்ன ஜெபமும் அந்த ரெஜிஸ்டர் மாதிரிதான்னு எனக்குத் தோணுது. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல.

கையெழுத்துப் போடாத. நான் போன கடிதத்துல எழுதினத கிழிச்சுப் போட்டுடு. வேலை போனா போவுது. என் சம்பளம் இருக்குது, அடுத்த வருஷம் பென்ஷன் வருது, கூழோ கஞ்சியோ குடிப்போம்.

அப்புறம் அந்த கப்பு சமாச்சாரம். கொடிய நாங்க தரையில படவிட மாட்டோம். இறக்கினா மடிச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டுதான் நடப்போம். அவரு அதுல பால் ஊத்திக் குடிக்கச் சொல்றாரா? குடிச்சுட்டு சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்களா? உன் கையால குடுக்காம போனதுக்கு சந்தோஷப்படு.

இங்க மழை ஒரு தூறல்கூட இல்ல. காத்து அடிக்குது, மணல் நகருது. எழுதின இடத்துலயே வெடி இருக்கணுமேன்னு தெனமும் கவலை.

இந்தக் கடிதம் பதினைஞ்சுக்குள்ள வந்து சேரணும்.

உன்
மாசிலாமணி

*

விருத்தாசலம்
15.8.2002, மாலை

அன்புள்ள காவியா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். பத்தொன்பதாம் தேதி எழுதியதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துவிட்டு உள்ளே வருவேன். மாயவனுக்கு அடிபட்டது அவர் மனைவி போன் செய்துதான் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள்தான் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விரல் போனது அவள் புருஷனுக்கு, என்னைச் சமாதானப்படுத்தியதும் அவள்தான்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று சக்கரபாணி சாரிடம் நானே எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்தேன். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்காததற்கு வருந்துகிறேன், ஜெபித்ததற்கு வருந்தவில்லை, என் கணவர் இந்த நிமிஷம் எல்லையில் இருக்கிறார் என்று மூன்றே வரி. அவர் படித்துவிட்டு, "இது போதாதுங்க டீச்சர்" என்றார். "அப்ப நாளைக்கு நீங்க உள்ள வர வேண்டாம்."

காலையில் எழுந்து குளித்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. காவியாவுக்கு ஜடை பின்னி அனுப்பிவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பின்னாலேயே போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல நின்றேன். உள்ளே கொடி ஏற்றினார்கள். கயிறு கொஞ்சம் சிக்கிக்கொண்டது, பிறகு அவிழ்ந்தது. பாட்டு ஆரம்பித்ததும் நான் நேராக நின்றேன். ரோட்டில் தனியாக நேராக நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு கரும்பு டிராக்டர் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு எழுந்து நின்றார். கடைசி வரி முடியும் வரை நானும் சேர்ந்து பாடினேன். எனக்குள் எதுவும் இரண்டாகக் கிழியவில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கேட்டவளும் இந்தக் கொடிக்காக நிற்கிறவளும் ஒருத்திதான் என்று, ரோட்டில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். வீரம்மாள். நம் பின்தெருதான், செராமிக் கம்பெனியில் அச்சில் வார்த்த பொம்மைகளின் விளிம்பைச் சுரண்டிச் சமன் செய்கிறவள். முழங்கை வரைக்கும் களிமண் வெள்ளை. அவள் மகள் பூர்ணிமா என் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். "டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க" என்றாள். "அந்த ஞாயித்துக்கெழமை நீங்க பேசினத முதல்ல கம்பெனியில சொன்னது நான்தாங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தப்பா சொல்லலீங்க, சத்தியமா. தண்ணிக் குழாய்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ‘அவளுக்கும் அவனைத் திருப்பிக் குடு’ன்னீங்க. எனக்கு அழுகையா வந்துடுச்சு. எங்கூட்டுக்காரரு கேரளாவுக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு, எனக்காக யாரும் அப்படிக் கேட்டதில்ல. அதத்தான் சொன்னேன். அது வாய் மாறி வாய் மாறி இப்படி ஆயிடுச்சுங்க."

அவள் என்னை விட்டுவிட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் சக்கரபாணி சார் மேடையை விட்டு இறங்கினார். வீரம்மாளுக்குச் சாதாரணமாகவே சத்தம் அதிகம். "சார், டீச்சர ஏன் ரோட்ல நிக்க வெச்சீங்க? அவங்க வூட்டுக்காரரு எல்லையில நிக்கறாரு, அவங்க ரோட்ல நிக்கறாங்க, நீங்க பந்தல்ல நிக்கறீங்க" என்றாள். பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க வரலேன்னா எம்பொண்ணுக்கு நாளைக்கே டிசி குடுங்க. கவர்மென்ட் ஸ்கூலுல சேத்துக்கறேன், பீஸாவது மிச்சம்." அவளோடு கம்பெனியில் வேலை செய்கிற ஐந்தாறு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சார் கேட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. "உள்ள வாங்க டீச்சர், பிள்ளைங்க பாக்கறாங்க" என்றார். பிறகு மெதுவாக, "அந்த மூணு வரிக் கடிதமே இருக்கட்டும். படிக்கல, ஃபைல்ல வெச்சுக்கறேன்" என்றார். நான் உள்ளே போனேன். மூன்று பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். கணக்கு டீச்சர் இன்னும் என்னிடம் பேசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. ஆனால் திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு நதிகள் பாடம் எடுக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் எந்த ஊரில் இறங்குவீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சலோமி

17.8. கடிதத்தைத் தபாலில் போடும் முன் உங்களுடையது வந்துவிட்டது. ஒன்றாம் தேதி எழுதியது, பதினாறு நாள் எங்கே சுற்றியதோ. தபால்காரர் முன்னாலேயே பிரித்துவிட்டேன். "கையெழுத்துப் போடாத" என்ற இடத்தில் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் நான் தைரியமாகப் போயிருப்பேன். வராமல் போனதும் நல்லதுதான். தைரியம் இல்லாமலே போய் நின்றேன், அது என்னுடையதாக இருக்கட்டும்.

*

9.11.2002

என் சலோமிக்கு,

பேப்பர்ல பாத்திருப்ப. படைய வாபஸ் வாங்கச் சொல்லிட்டாங்க. எங்களுக்கு மட்டும் கெளம்ப முடியாது, புதைச்சதெல்லாம் எடுக்கணும். அது பல மாசம் ஆகும். ஆனா லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. மாயவன் போன மாசமே ஊருக்குப் போயிட்டான், பாத்திருப்ப. மூணு விரல்லயே பீடி பத்த வெக்கப் பழகிட்டானாம்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்லாம இருந்தேன். இப்ப சொல்லிடறேன். காவியாவுக்குப் படிச்சுக் காட்டாத.

போன டிசம்பர்ல முதல் வெடி புதைச்ச அன்னையிலேர்ந்து எனக்கு ஜெபம் வரல. ஞாயித்துக்கெழமை யூனிட்டுல எங்க நாலு பேருக்கு ஒரு மூலையில ஆராதனை நடக்கும். போய் உக்காருவேன். கண்ண மூடுவேன். கர்த்தாவேன்னு சொல்லலாம்னா, கை ரெண்டும் மண்ணா இருக்கற மாதிரி இருக்கும். வேலை தப்புன்னு நினைக்கல. நாட்டுக்கு வேணுங்கற வேலை, செய்யறேன், நாளைக்குக் கூப்பிட்டாலும் செய்வேன். ஆனா அதச் செஞ்சுட்டு அவர்கிட்ட என்னா பேசறதுன்னு தெரியல. ஆறு மாசம் அப்படியே வாய மூடிக்கிட்டு இருந்தேன். அப்பதான் நீ ஊருக்கே கேக்க ஜெபம் பண்ணேன்னு சேதி வருது. எனக்கு வந்த கோவம் மாயவன் கேட்டதுக்கு இல்ல சலோமி. நான் கேக்க முடியாதத நீ கேட்டுட்ட. அதுக்குத்தான்.

நேத்து காலையில ரெஜிஸ்டர வெச்சுக்கிட்டு வரிசையில இறங்கினேன். கம்பத்துலேர்ந்து அளந்தேன். மணல் நகந்திருக்குமோன்னு உயிரக் கையில புடிச்சுக்கிட்டு நீளமான இரும்பு ஊசியால மண்ணக் குத்திக் குத்திப் பாத்தேன். எழுதின இடத்துலேர்ந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தது. இருந்தது. எடுத்து, டெட்டனேட்டரக் கழட்டி, ரெண்டையும் தனித்தனியா வெச்சேன். மண்டி போட்டபடியேதான் இருந்தேன், அந்த வேலைய அப்படித்தான் செய்யணும். எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வாய் தானா திறந்துச்சு. ஸ்தோத்திரம்னேன். அவ்வளவுதான் வந்தது. பின்னாடி இருந்த சர்தார், "க்யா ஹுவா, சாப்?"னான், என்னாச்சுன்னு. ஒண்ணும் இல்ல, ஒண்ணு எடுத்தாச்சுன்னேன்.

டிசம்பர் இருபத்திரண்டு சாயங்காலம் விருத்தாசலம் ஜங்ஷன்ல இறங்கறேன். டிக்கெட் போட்டாச்சு. அக்காவ ஜனவரியில பாத்துக்கலாம்.

உன்
மாசிலாமணி

*

விருத்தாசலம்
22.11.2002

என் அன்புள்ள உங்களுக்கு,

காவியாவுக்குத் தேதியை மட்டும் சொன்னேன். மற்றதை நான் வைத்துக்கொண்டேன். அவள் காலண்டரில் இருபத்திரண்டைச் சிவப்பில் வட்டம் போட்டாள், பிறகு இருபத்தொன்றுக்கும் போட்டாள், ரயில் முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வதாம்.

போதகர் ஐயா வழியில் பார்த்தார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீங்கள் பட்டாளத்து உடுப்பில் வந்து வேத பாடம் வாசிக்க முடியுமா என்று கேட்கிறார். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கையாக இருக்குமாம். என் பெயரையும் ஜெபப் பட்டியலில் மறுபடி சேர்த்திருக்கிறாராம், ஜனவரியிலிருந்து. சிரிப்பு வந்தது. "உடுப்பா வேட்டியா, அதை அவரே முடிவு பண்ணட்டும் ஐயா" என்றேன். உங்களை யாருக்கும் அத்தாட்சியாகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கு ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நானே இஸ்திரி போட்டுத் தருகிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். கல்யாணத்தன்று தவிர நாம் கோயிலில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. நீங்கள் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும். நான் கடைசி பெஞ்சில் இடம் பிடித்து வைக்கிறேன். வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.

சலோமி